புறக்கடைக் கோழி வளர்ப்பும் வீட்டுத் தூய்மையும்

வீட்டின் பின்புறத்திலோ முற்றத்திலோ சில கோழிகளை அவிழ்த்துவிட்டு, இரவில் மட்டும் அடைத்து வளர்க்கும் முறை புறக்கடைக் கோழி வளர்ப்பு எனப்படுகிறது. இம்முறையில் கோழியும் மனிதரும் ஒரே வளாகத்தில் வாழ்வதால், எச்சம், நாற்றம், ஈ, செள், எலி, நோய்க்கிருமி ஆகியவை வீட்டுக்குள் வராமல் காப்பது வளர்ப்பின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். இக்கட்டுரை, கன்னியாகுமரி மாவட்டம் நாகர்கோவிலைச் சேர்ந்த வடசேரியின் சூழலை முன்வைத்து, ஐந்து முதல் பதினைந்து கோழிகள் வரை வளர்க்கும் வீடுகளுக்கான தூய்மை முறைகளை விளக்குகிறது. கோழிகள் இரவில் எங்கே அடைகின்றன, அவற்றின் எச்சம் எவ்வளவு விரைவில் உலர்கிறது என்னும் இரண்டுமே வீட்டின் தூய்மையைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

வடசேரியின் சூழல்

வடசேரி, நாஞ்சில் நாட்டின் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் உள்ள பழைய குடியிருப்புப் பகுதி. கனகமூலம் சந்தையும் வடசேரிப் பேருந்து நிலையமும் இங்கே உள்ளன. நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சியானது. பழைய தெருக்களில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வீட்டுக்குப் பின்னால் கிணறு, துணி துவைக்கும் கல், இரண்டொரு தென்னை, வாழை என்று சிறிய இடமே இருக்கும். தென்னந்தோப்பாகிய விளைகளுக்கு நடுவே உள்ள வீடுகளில் கோழிகள் அகன்று மேயும். தெருவீடுகளில் அவை அடுக்களை வாசலையும் அயல்வீட்டுத் திண்ணையையும் நாடும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. சூன் முதல் திசம்பர் வரை தரை நன்கு காயும் நாட்கள் குறைவு. உள்மாவட்டங்களின் காய்ந்த தரையில் எச்சம் ஒரு பகலில் உலர்ந்து பொடியாகிவிடும். இங்கே அது நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கக்கூடும். கோழி வளர்க்கும் வீடுகளில் எழும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஈரத்திலிருந்தே தொடங்குகின்றன.

எச்சமும் ஈரமும்

கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எச்சத்தின் மேல் காணப்படும் வெள்ளைப் படிவே யூரிக் அமிலம். ஈரமும் நுண்ணுயிரும் சேரும்போது அது சிதைந்து அம்மோனியா வாயுவாக மாறுகிறது. கூட்டருகே மூக்கை எரிக்கும் நெடி இதனால் வருவது. உலர்ந்த எச்சத்தில் இந்தச் சிதைவு மிக மெதுவாகவே நடக்கும். கூட்டுக்குள் குனிந்து பார்க்கும்போது கண் கரித்தால், அங்கே அடையும் கோழிகளின் கண்ணும் மூச்சுக்குழலும் பாதிக்கப்படுகின்றன என்று கொள்ளலாம்.

பெரிய முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் ஈர எச்சம் இடும். உருவில் சிறிய நாட்டுக்கோழி அதைவிடக் குறைவாக இடும். பத்து நாட்டுக்கோழிகள் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் சேரும். அதில் ஏறத்தாழ பாதி, கோழிகள் இரவில் அடைந்திருக்கும்போது ஒரே இடத்தில் விழுகிறது. ஆகவே அடையும் இடத்தின் அடியில் விழுவதைக் காலையில் அள்ளிவிட்டால், அன்றைய துப்புரவு வேலையில் பாதி முடிந்துவிடுகிறது.

சில எச்சங்கள் பழுப்பு நிறத்தில், பசைபோல ஒட்டும் தன்மையுடன், கடும் நாற்றத்தோடு இருக்கும். இவை குடலின் குருட்டுப்பைகளிலிருந்து வருபவை. எட்டு முதல் பத்து முறைக்கு ஒன்று இவ்வாறு வருவது இயல்பு. எல்லா எச்சமும் நீர்த்தோ, பச்சை அல்லது வெள்ளை நிறத்திலோ, இரத்தம் கலந்தோ வந்தால் அது நோயின் அறிகுறி. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கூடு அமைத்தல்

கூடு இல்லாத வீட்டில் கோழிகள் விறகு அடுக்கிலும், திண்ணை விளிம்பிலும், வண்டியின் இருக்கையிலும் அடையும். மரத்தில் ஏறி அடைவதும் உண்டு. அங்கெல்லாம் விழும் எச்சத்தைத் தேடி அள்ள முடியாது. எனவே தூய்மைக்கான முதல் வேலை கூடு அமைப்பது. பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது சில கோழிகளுக்குப் போதும் என்றாலும், கோழிகள் தம் எச்சத்தின் மேலேயே இரவைக் கழிக்க வேண்டியிருப்பதால் மழைக்காலத்துக்கு அது ஏற்றதல்ல.

கூடு அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- கூட்டின் தளம் தரையிலிருந்து இரண்டு அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். தளத்தை இடைவெளி விட்ட மரச்சட்டங்களாலோ கம்பி வலையாலோ அமைத்தால் எச்சம் கீழே விழும்.
- கீழே பழைய தகரம் அல்லது பிளாஸ்டிக் தட்டு வைத்து, அதில் சாம்பல், உலர்ந்த தேங்காய் நார்த்தூள், மரத்தூள் ஆகியவற்றில் ஒன்றைப் பரப்பி வைக்க வேண்டும். நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சக்கூடியது. தென்னை மிகுந்த இம்மாவட்டத்தில் எளிதில் கிடைப்பதும் அதுவே.
- இரவில் மட்டும் அடைவதற்கு ஒரு கோழிக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாத இடம் தேவை.
- காற்று நுழைய மேற்பகுதியில் வலை வேண்டும். கூரை நாற்புறமும் ஓர் அடி வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே விழாது.
- கூட்டிலிருந்து வழியும் நீர் கிணற்றை நோக்கி ஓடாதபடி தரைச்சரிவு இருக்க வேண்டும். விளையில் இடமுள்ளவர்கள் கிணற்றுக்கும் கூட்டுக்கும் இடையே ஐம்பது அடி விடுவது நல்லது. தெருவீடுகளில் அவ்வளவு தூரம் கிடைக்காது. அங்கே கிணற்றின் சுற்றுச்சுவரும் சிமெண்டுத் தளமும் விரிசலின்றி இருப்பது கட்டாயம்.

எண்ணிக்கையும் தூய்மையில் அடங்கியதே. கோழிகள் மிகுந்து தரையில் புல்பூண்டு அற்றுப்போனால், அந்த இடம் தாங்கும் அளவைக் கடந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் எவ்வளவு பெருக்கினாலும் முற்றம் சுத்தமாகத் தெரியாது.

வீட்டுக்கும் கோழிக்கும் இடையே எல்லை

கோழி வீட்டுக்குள் வருவது பழக்கத்தால். அடுக்களைப் படியில் நின்று மிச்சச் சோற்றை வீசும் வீட்டில், கோழிகள் நாள் முழுதும் அந்தப் படியிலேயே காத்து நிற்கும். அங்கேயே எச்சமும் இடும். தீனியைக் கூட்டருகே, குறித்த நேரத்தில் மட்டும் வைத்தால், ஒன்றிரண்டு வாரங்களில் அவை வாசலை விட்டு விலகும். மாலைத் தீனியைக் கூட்டருகே கொடுப்பதால் அவை தாமாகவே அடையவும் வரும்.

கடலோர மாவட்டமாதலால் மீன் கழுவிய கழிவைக் கோழிக்குப் போடுவது இங்கே வழக்கம். மீன் கழிவு கோழிக்கு நல்ல புரத உணவு. ஆனால் கோழி தின்றது போக எஞ்சுவது பூனையையும் ஈயையும் அழைக்கும். அரை மணி நேரத்தில் தின்று தீரும் அளவே போட்டு, எஞ்சியதை மண்ணில் புதைத்துவிட வேண்டும். சந்தையில் கழித்துப் போட்ட காய்கறிகளுக்கும் இது பொருந்தும்.

பின்வாசலுக்கு இரண்டரை அடி உயர அரைக்கதவு அல்லது வலைச்சட்டம் போட்டால் பெரும்பாலான கோழிகள் தாண்டா. இலேசான உடம்புள்ள நாட்டுக்கோழிகள் சில பறந்து தாண்டும். அவற்றுக்கு ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் வெட்டிவிடலாம். இரத்தம் ஓடும் இளம் இறகுகளை வெட்டக் கூடாது. கோழிக்கூட்டுக்கென்று ஒரு சோடிச் செருப்பைத் தனியே வைத்து, அதை வீட்டுப் படிக்கு வெளியே விட்டுவருவது, செலவில்லாமல் மிகுந்த பயன் தரும் பழக்கமாகும். முற்றத்தில் காயவைக்கும் நெல், மிளகு, வற்றல், கொப்பரை ஆகியவற்றின் மேல் வலை விரிக்க வேண்டும்.

தரையைச் சுத்தம் செய்தல்

காலையில் முற்றம் தெளித்துப் பெருக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் வரிசையை மாற்றுவது தேவை. எச்சத்தின் மேல் முதலில் நீரைத் தெளித்தால் அது கரைந்து முற்றம் முழுதும் பரவும். முதலில் எச்சத்தின் மேல் ஒரு சிரட்டைச் சாம்பலையோ மணலையோ தூவி, தகரத்தால் சுரண்டி எடுத்து, அதன்பின் தெளித்து ஈர்க்கு வாரியலால் பெருக்க வேண்டும். கோலம் இடும் இடத்தை இறுதியில் பெருக்குவது நல்லது.

கூட்டின் அடியில் பல நாட்களாக உலர்ந்து கிடக்கும் எச்சத்துக்கு நேர்மாறான முறை தேவை. அதைப் பெருக்கும்போது எழும் தூசியில் நுண்ணுயிரும் இறகுத்துகளும் கலந்திருக்கும். முதலில் இலேசாக நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அள்ள வேண்டும். இளைப்பு நோய் உள்ளவர்கள் இவ்வேலையைச் செய்யாதிருப்பது நல்லது.

வீட்டுத் தரையில் விழுந்த எச்சத்தை உடனே தாளால் எடுத்து, சோப்பு நீரால் கழுவித் துடைத்தால் போதும். சிமெண்டுத் தரை, ஓடு பதித்த தரை இரண்டுக்கும் இது பொருந்தும். சிவப்பு மெருகுத் தரையில் எச்சம் காயும்வரை கிடந்தால் மெருகு மங்கிக் கறை நிற்கும். காய்ந்துவிட்டால் ஈரத்துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போட்டுவைத்து, ஊறிய பின் எடுக்கலாம்.

எச்சம் கிடக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடரை நேராகத் தூவக் கூடாது. அதிலுள்ள குளோரின் அம்மோனியாவுடன் சேர்ந்து குளோரமின் என்னும் நச்சு வாயுவை உண்டாக்கும். மூடிய கூட்டிலும் காற்றோட்டமற்ற குளியலறையிலும் இது கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். எச்சத்தை அள்ளி, சோப்பு நீரால் கழுவி, நீர் வடிந்த பிறகே பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்த வேண்டும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரைக் கலப்பதும் ஆபத்து. அதிலிருந்து குளோரின் வாயுவே வெளிவரும்.

சுண்ணாம்பைப் பற்றியும் ஒரு தவறான பழக்கம் உண்டு. ஈரமான எச்சத்தின் மேல் சுண்ணாம்பு தூவினால் காரத்தன்மை கூடி, அம்மோனியா இன்னும் வேகமாக வெளிவரும். காலி செய்து கழுவிக் காய்ந்த கூட்டின் சுவரிலும் சந்துகளிலும் அடிப்பதற்கே சுண்ணாம்பு ஏற்றது.

ஈ, செள், எலி

வீட்டு ஈ ஈரமான எச்சத்தில் முட்டையிடுகிறது. வெப்பமான காலத்தில் முட்டை ஈயாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். புதிய எச்சத்தில் முக்கால் பங்கு ஈரம் இருக்கிறது. அது 30 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிட்டால் ஈப்புழு வளர்வதில்லை. ஆகவே வாரம் ஒருமுறை தவறாமல் அள்ளினாலே ஈயின் வாழ்க்கைச் சுழல் அறுந்துவிடும். நாள்தோறும் சாம்பலோ நார்த்தூளோ தூவினால் இன்னும் நல்லது. அதைச் செய்யாமல் மருந்து தெளிப்பதால் ஈ குறைவது சில நாட்களுக்கே.

கோழிப்பேன், செள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றில், வீட்டாருக்குத் தொல்லை தருவது கோழிகளின் இரத்தத்தை உறிஞ்சும் சிற்றுண்ணிகள். இவற்றில் சிவப்புச் சிற்றுண்ணி பகலில் கூட்டின் மரச்சந்துகளில் ஒளிந்து, இரவில் வெளிவந்து கோழியைக் கடிக்கும். கூடு வீட்டுச் சுவரை ஒட்டியிருந்தால் சன்னல் வழியாகப் படுக்கை வரை வரும். மனித உடம்பில் இவை நிலைத்து வாழ்வதில்லை. கடித்த இடத்தில் அரிப்பு உண்டாகும். படுக்கையை மட்டும் கழுவுவதால் இத்தொல்லை தீராது. கூட்டின் சந்துகளில் கொதிநீர் ஊற்றி, காயவைத்து, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சிற்றுண்ணி உணவின்றியும் பல வாரங்கள் உயிரோடு இருக்கும் என்பதால், ஒரு வார இடைவெளியில் மீண்டும் இதைச் செய்வது தேவை. கோழிகள் புரள்வதற்கு மழை படாத மூலையில் உலர்மண்ணும் சாம்பலும் கலந்து வைத்தால் பேன் குறையும். மருந்து தேவைப்பட்டால் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எலி வருவது தீனிக்காக. எலியையும் முட்டையையும் தேடிப் பாம்பு வரும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவுகிறது. மழைக்காலத்தில் இது உயிருக்கே ஆபத்தாகக்கூடும். தீனியை மூடியுள்ள தகர டப்பாவில் வைப்பது, இரவில் தீனித்தட்டை எடுத்துவிடுவது, மாலைக்குள் முட்டைகளை எடுத்துவிடுவது ஆகிய மூன்றும் இதற்கான காப்பு. தண்ணீர்ச் சட்டியை நாள்தோறும் தேய்த்துக் கழுவினால் டெங்கு பரப்பும் கொசுவும் அதில் வளராது.

அடைக்கோழியும் குஞ்சும்

அடைக்கோழியை அடுக்களை மூலையிலோ சாமான் அறையிலோ, மணலும் வைக்கோலும் இட்ட சட்டியில் அடைவைப்பது பழைய வழக்கம். 21 நாட்கள் கோழி பெரும்பாலும் அசையாமல் இருப்பதால், அதன் உடம்பிலும் அடைப்படுக்கையிலும் செள் பெருகும். குஞ்சு பொரித்துக் கோழி இறங்கியதும் அந்தச் செள் அறைக்குள் பரவுகிறது. அடைவைக்கும் இடத்தை வீட்டுக்கு வெளியே, மழை படாத தாழ்வாரத்துக்கு மாற்ற வேண்டும். அடைவைக்கும் முன் கோழியின் இறகுகளைப் பிரித்துப் பார்த்துச் செள் உள்ளதா என்று அறிவது நல்லது. பொரித்த அன்றே வைக்கோலை எரித்து, மணலை வெயிலில் கொட்டி, சட்டியைக் கொதிநீரால் கழுவிவிட வேண்டும்.

தாயில்லாக் குஞ்சுகளை மின்விளக்கின் கீழ் வளர்ப்போர், அட்டைப்பெட்டியைப் படுக்கையறையிலோ அடுக்களையிலோ வைக்கக் கூடாது. குஞ்சின் மென்தூவியும் தீனித்தூளும் மெல்லிய தூசியாக அறை முழுதும் படியும்.

நோய்களும் குழந்தைகளும்

நலமாகத் தோன்றும் கோழியின் குடலிலும் சால்மொனெல்லா, காம்பிலோபாக்டர் ஆகிய பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். இவை மனிதருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி ஆகியவற்றை உண்டாக்கும். அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டில் மட்டும், வீட்டுக் கோழிகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா தொற்று 1,700 பேருக்கு மேல் பதிவானது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு இத்தொற்று கடுமையாகலாம்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது மிகவும் கவனத்துக்குரியது. தரையில் பட்ட கை நேராக வாய்க்குப் போகும். குழந்தை தவழும் அறைக்குள் கோழியை ஒருபோதும் விடக் கூடாது. குஞ்சைத் தொட்டு விளையாடிய குழந்தையின் கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே தின்பதற்கு எதையும் கொடுக்க வேண்டும். குஞ்சை முகத்தோடு அணைப்பதையும் முத்தமிடுவதையும் தடுக்க வேண்டும். கூடு துப்புரவு செய்த பெரியவர்களும் அடுக்களைக்குள் போகும் முன் சோப்பால் கை கழுவுவது தேவை.

முட்டை ஓட்டின் மேல் இயற்கையான மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. குளிர்ந்த நீரில் கழுவினால் அப்பூச்சு நீங்குவதோடு, ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கிருமி உள்ளே இழுக்கப்படவும் வாய்ப்புண்டு. அழுக்கு சிறிதாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து வைத்து, சமைக்கும்போது மட்டும் கழுவலாம். முட்டையிடும் பெட்டியில் வைக்கோலை அடிக்கடி மாற்றுவதே அழுக்கு முட்டைகளைக் குறைக்கும் வழி.

அண்டை மாநிலமான கேரளத்தில் 2014-லும் 2021-லும் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. ஒரே நேரத்தில் பல கோழிகள் இறந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தனியாக இறந்த கோழியை ஓடையிலோ குப்பையிலோ எறியாமல், கிணற்றிலிருந்து விலகிய இடத்தில் மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவதும் தூய்மையைச் சார்ந்ததே. நோயுற்ற கோழியின் கழிச்சல் முற்றத்தையும் மற்றக் கோழிகளையும் கெடுக்கும்.

கழிவை எருவாக்குதல்

அள்ளிய எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. புதிதாக வாழை மூட்டிலோ செடியின் அடியிலோ கொட்டினால் வேர் கருகும். ஒரு பங்கு எச்சத்துக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு சருகு, நார்த்தூள் அல்லது உமி சேர்த்து, மழை படாமல் ஓலையால் மூடிக் குவித்து வைக்க வேண்டும். இரு வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் மண்வாசனையுள்ள எருவாகும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுதி என்று பொருள். சருகு சேர்க்க வேண்டும். பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரி போன்றவற்றுக்கு மட்காத எச்சத்தை இடவே கூடாது.

அயலாரும் சட்டமும்

நெருக்கமான தெருக்களில் கோழியால் எழும் பிணக்குகளுக்கு நாற்றம், விடியற்காலைக் கூவல், அயல்வீட்டுச் செடியைக் கிளறுதல் ஆகியவையே காரணம். கூட்டை அயலாரின் சன்னலுக்கு எதிரே வைக்காமல் இருப்பதும், தேவைக்கு மேல் சேவல்களை வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் இவற்றைக் குறைக்கும். முட்டைக்கு மட்டும் வளர்ப்போருக்குச் சேவலே தேவையில்லை. நகர்ப்புறங்களில் விலங்குகளும் பறவைகளும் வளர்ப்பதை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்போர் தமக்குப் பொருந்தும் விதிகளை மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

வேலை அட்டவணை

- நாள்தோறும்: கூட்டின் அடித்தட்டை அள்ளிச் சாம்பல் அல்லது நார்த்தூள் இடுதல், தண்ணீர்ச் சட்டியைக் கழுவுதல், முட்டை எடுத்தல், இரவில் தீனித்தட்டை எடுத்துவைத்தல்.
- வாரம் ஒருமுறை: கூட்டின் தளத்தைச் சுரண்டுதல், முட்டைப் பெட்டியில் வைக்கோல் மாற்றுதல், இரவில் விளக்கடித்துச் சந்துகளில் செள் உள்ளதா என்று பார்த்தல்.
- மாதம் ஒருமுறை: கூட்டைக் கழுவி வெயிலில் காயவைத்தல், எலி வளைகளை அடைத்தல்.
- மே மாத இறுதியிலும் செப்டம்பர் இறுதியிலும்: இரு பருவமழைகளுக்கும் முன்பாகக் கூரையைச் சரிசெய்தல், சுண்ணாம்பு அடித்தல், நார்த்தூளும் சருகும் காயவைத்துச் சாக்கில் கட்டி, மழைக்காலத்துக்குச் சேமித்தல்.